எண்ணெய் ஊற்றாத முட்டை சாலட்: ஜார்ஜியச் சமையலறையின் வேதியியல்

கருங்கடலுக்கும் காக்கசஸ் மலைத்தொடருக்கும் நடுவே, தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதியளவு உள்ள நாடு ஜார்ஜியா. அங்கே பழைய முறைப்படி முட்டை சாலட் செய்பவர் எண்ணெய்ப் புட்டியைத் தொடுவதில்லை. மயோனைஸும் தேவைப்படுவதில்லை. வேகவைத்த முட்டை, வறுக்காத வால்நட் என்கிற அக்ரூட், பூண்டு, உப்பு, கொஞ்சம் ஒயின் வினிகர், கை நிறையப் பசுந்தழைகள். இவ்வளவுதான். ஆனாலும் தட்டுக்கு வந்து சேர்வது கொழுப்பும் புளிப்பும் மணமும் ஒன்றோடொன்று இழைந்த, நாக்கில் வழுக்கிச் செல்லும் ஒரு பண்டம்.

இந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது? அக்ரூட்டுக்குள்ளிருந்து. ஒரு பருப்பின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் எண்ணெய், 15 சதவீதம் புரதம். தண்ணீர் 4 சதவீதம் அளவுக்குத்தான். ஜார்ஜியர்கள் இந்தப் பருப்பைக் கொறிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மற்ற நாடுகளில் வெண்ணெயும் பாலாடையும் எண்ணெயும் செய்யும் வேலை முழுவதையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பாழே என்ற குளிர்ந்த குழம்பு, கோழியோ வான்கோழியோ ஊறும் சாட்சிவி, கீரையையும் பீட்ரூட்டையும் பொடியாக நறுக்கிப் பிசையும் ப்காலி, பொரித்த கத்தரிக்காயில் பூசிச் சுருட்டும் பத்ரிஜானி என எல்லாவற்றுக்கும் அடித்தளம் அரைத்த அக்ரூட்தான். திராட்சைச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி, நூலில் கோத்த அக்ரூட்டை அதில் தோய்த்துக் காயவைத்தால் சுர்ச்கேலா. தேனில் பாகு பிடித்தால் புத்தாண்டுக்கான கோசினாக்கி. கருங்கடல் கரையிலுள்ள அட்ஜாரா பகுதியில் தக்காளி, வெங்காயத்தோடு அக்ரூட்டையும் சேர்த்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றிச் சமைக்கும் சிர்புலி காலை உணவாகிறது. முட்டையும் அக்ரூட்டும் அந்த நாட்டில் நெடுங்காலக் கூட்டாளிகள்.

இதற்குப் பின்னால் மதமும் இருக்கிறது. ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாட்காட்டியில் நோன்பு நாட்கள் ஏராளம். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. கொழுப்பும் புரதமும் வேண்டிய உடம்புக்கு அப்போது கைகொடுப்பது தோட்டத்து அக்ரூட் மரம். நீண்ட நோன்பு முடிந்து ஈஸ்டர் வரும்போது முட்டை திரும்பி வருகிறது. மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரோடு வேகவைத்துச் செந்நிறமாக்கிய முட்டைகள் வீட்டுக்கு வீடு குவிகின்றன. பண்டிகைக்குப் பின் மிஞ்சும் அத்தனை வெந்த முட்டைக்கும், நோன்புக் காலம் முழுதும் அரைத்துப் பழகிய அக்ரூட்டுக்கும் நடுவில் ஒரு சாலட் பிறப்பது இயல்பானதுதான்.

சமையல் குறிப்புகள் பொருள்களைப் பட்டியல் போட்டுவிட்டு, "எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கவும்" என்று முடித்துவிடுகின்றன. இந்த சாலட்டுக்கு அது போதாது. இதன் ருசியில் பாதி பொருள்களில் இருக்கிறது. மறுபாதி அவை எந்த வரிசையில் சேர்கின்றன என்பதில் இருக்கிறது. எது முதலில் நசுங்க வேண்டும், புளிப்பு எப்போது விழ வேண்டும், தழை எப்போது வர வேண்டும் என்ற ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஜார்ஜியப் பாட்டிமார் அந்தக் காரணங்களை வேதியியல் சொற்களில் சொல்லவில்லை; கைப்பழக்கமாகக் கடத்திவிட்டார்கள்.

முதலில் அரைப்பு. அக்ரூட்டின் எண்ணெய் பருப்புக்குள் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்ணிய துளிகளாக அது பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துளியையும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையில் ஓலியோசின் என்ற புரதம் ஆணியடித்ததுபோல் பதிந்திருக்கிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காப்பது இந்த உறைதான். விதை முளைக்கும் வரை எரிபொருளைப் பத்திரமாக வைத்திருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது.

உரலில் இடிக்கும்போது உயிரணுச் சுவர்கள் உடைகின்றன. எண்ணெய்த் துளிகளில் ஒரு பகுதியும் உடைகிறது. இப்போது கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் இரண்டு விதமான விளைவுகள் நேரலாம். தாராளமாகத் தண்ணீர் விட்டு அரைத்தால், உடையாத துளிகளும், உடைந்து சிதறிய எண்ணெயைச் சூழ்ந்துகொள்ளும் புரதமும் பாஸ்போலிப்பிட்டும் சேர்ந்து வெண்மையான பால்மமாகின்றன. பாழே குழம்பு இப்படி உருவாவதுதான். மாறாக, உலர்ந்த விழுதில் ஒன்றிரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரை மட்டும் தெளித்துக் கையால் பிசைந்து பிழிந்தால், எண்ணெய் தனியே பிரிந்து விரலிடுக்கில் வழிகிறது. நம் ஊர்ச் செக்கில் எள் ஆடும்போது தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பதன் தத்துவமும் இதுவே: ஈரத்தை இழுத்துக்கொண்ட புரதமும் மாவுப் பொருளும் ஒன்றாகத் திரள்கின்றன, எண்ணெய் வெளியே தள்ளப்படுகிறது. ஜார்ஜியாவில் மசாலாவோடு பிசைந்து இப்படிப் பிழிந்த பொன்னிற எண்ணெயைத் தனியே எடுத்துவைத்து, சாட்சிவியின் மேலும் பத்ரிஜானியின் மேலும் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சாலட்டின் மேலும் விடலாம். எண்ணெய் ஊற்றாத சாலட்டில் எண்ணெய் பளபளப்பது இப்படித்தான்.

மின் அரவை எந்திரத்தில் அக்ரூட்டை நெடுநேரம் ஓடவிடுவது நல்லதல்ல. சூடும் வேகமும் சேர்ந்து எல்லாத் துளிகளையும் உடைத்துவிடும். கிடைப்பது ஒட்டும் பசை. இந்த சாலட்டுக்கு வேண்டியது ஒரு பகுதி மைபோலவும் ஒரு பகுதி நொய்போலவும் இருக்கும் விழுது. அதனால்தான் ஜார்ஜிய வீடுகளில் உரலும், இறைச்சி கொத்தும் கைச்சுற்று எந்திரமும் இன்னமும் புழங்குகின்றன.

அடுத்தது முட்டை. மயோனைஸில் பச்சை மஞ்சள் கரு எண்ணெயையும் வினிகரையும் பிணைக்கிறது. அந்த வேலையைச் செய்யும் லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட், வெந்த மஞ்சள் கருவிலும் அழியாமல் இருக்கிறது. வெப்பத்தில் கெட்டியாவது புரதம்தான். லெசித்தினுக்கு ஒன்றும் ஆவதில்லை. எனவே நான்கு முட்டைகளில் இரண்டின் மஞ்சள் கருவை மட்டும் தனியே எடுத்து அக்ரூட் விழுதோடு மசித்துவிட்டால், பிரியப் பார்க்கும் எண்ணெயும் வினிகரும் ஒன்றாக நிற்கின்றன. மீதியைப் பெரிய துண்டுகளாக நறுக்கலாம். பச்சை முட்டையை உண்பதில் உள்ள சால்மோனெல்லா அச்சமும் இதில் இல்லை.

முட்டை வேகும் விதத்தை அதன் புரதங்கள் தீர்மானிக்கின்றன. வெள்ளைக் கருவில் ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்குகிறது. வெள்ளைக் கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் இறுகுவதற்கு 80 டிகிரி வேண்டும். மஞ்சள் கரு 65-ல் கெட்டியாகத் தொடங்கி 70-ல் திடமாகிவிடுகிறது. ஆகவே தளதளவென்று கொதிக்கும் நீரில் வெகுநேரம் விடுவதால் எந்த நன்மையும் இல்லை. வெள்ளை ரப்பராகிறது, அவ்வளவே. அதிகம் வெந்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தோன்றும். வெள்ளைக் கருவின் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகி உள்நோக்கி நகர்ந்து, மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாவதுதான் அந்த வளையம். கெடுதல் இல்லை. ஆனால் பூண்டும் மல்லியும் மணக்க வேண்டிய சாலட்டில் கந்தக வாடை இடைஞ்சல். சிறுகொதியில் 9 அல்லது 10 நிமிடம், உடனே குளிர்ந்த நீர் என்றால் வளையம் தோன்றாது.

உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வருகிறதா? முட்டை மிகப் புதிது என்று பொருள். இட்ட முட்டையின் வெள்ளைக் கருவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, ஓட்டின் நுண்துளைகள் வழியாக நாள்பட வெளியேறுகிறது. அதனால் அதன் பிஎச் அளவு 7.6 அருகிலிருந்து 9.2 வரை ஏறுகிறது. காரத்தன்மை ஏற ஏற, வெள்ளைக்கும் உட்தோலுக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. ஒரு வாரம் ஆன முட்டையை எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டுச் சூடேற்றாமல், ஏற்கெனவே கொதிக்கும் நீரில் இறக்கினால் ஓடு சுலபமாகக் கழன்று வரும்.

வரிசை முக்கியம் என்று சொன்னதற்கு முதன்மையான சாட்சி பூண்டு. முழுப் பல்லுக்கு மணமில்லை. அதில் அல்லீன் என்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன; சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. காட்டமும் மணமும் அதனுடையவை. செஸ்டர் கவல்லிட்டோவும் அவருடைய கூட்டாளியும் 1944-ல் அமெரிக்காவில் இதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தாய்ச் சேர்மமான அல்லீனைச் சில ஆண்டுகள் கழித்து சுவிட்சர்லாந்தில் ஸ்டோலும் சீபெக்கும் கண்டறிந்தார்கள். அல்லினேஸ் நொதிக்கு நடுநிலையான சூழல் வேண்டும். பிஎச் 3.5-க்குக் கீழே போனால் அது செயலிழந்துவிடுகிறது, பிறகு மீள்வதில்லை. ஒயின் வினிகரின் புளிப்பு அந்த எல்லைக்கும் கீழே. ஆக, பூண்டை வினிகருக்குள் போட்டு நசுக்குபவருக்குச் சப்பென்ற பூண்டுதான் கிடைக்கும். கல்லுப்போடு முதலில் நசுக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, அக்ரூட் சேர்த்து இடித்து, கடைசியில் வினிகர் விடுவதே முறை. உப்புக் கற்கள் பூண்டின் சுவரைக் கிழிக்கும் அரமாகவும் பயன்படுகின்றன.

வினிகரைப் பற்றி ஒரு வார்த்தை. உலகில் திராட்சை ஒயின் செய்யப்பட்டதற்கு இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய வேதியியல் சான்று ஜார்ஜியாவில் கிடைத்ததே. கடாச்ரிலி கோரா, ஷுலாவெரி கோரா என்ற மேடுகளில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் திராட்சைக்குரிய டார்டாரிக் அமிலம் படிந்திருப்பதை பாட்ரிக் மெக்கவர்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். பானைகளின் வயது ஏறத்தாழ 8,000 ஆண்டுகள். மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்ற பெருந்தாழியில் ஒயின் ஆக்கும் முறையை 2013-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஒயின் உள்ள வீட்டில் வினிகருக்குப் பஞ்சமில்லை. அது கிடைக்காத பருவத்தில் மாதுளைச் சாறும் பழுக்காத திராட்சையின் சாறும் அதன் இடத்தைப் பிடிக்கின்றன.

புளிப்பு இந்த சாலட்டில் கொழுப்பின் திகட்டலை அறுக்கிறது. துவர்ப்பைக் குறைப்பது முட்டையின் பங்கு. அக்ரூட்டின் பழுப்புத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள்கள் செறிந்திருக்கின்றன. அவை எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொண்டு படியச் செய்வதால் நாக்கு வறண்டு இழுப்பதுபோல் இருக்கிறது. ஐரோப்பாவில் செவ்வொயினின் முரட்டுத் துவர்ப்பைப் போக்க, பீப்பாய்க்குச் சில முட்டைகளின் வெள்ளைக் கருவை அடித்து ஊற்றும் பழைய வழக்கம் உண்டு. டானின் முட்டைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். எச்சில் புரதத்தைப் பிடிக்க வேண்டிய டானினுக்கு வழியிலேயே வேறொரு புரதம் கிடைத்துவிட்டால் துவர்ப்பு தணிகிறது என்பதே இதன் அடிப்படை. அக்ரூட்டோடு முட்டையை மென்று தின்னும்போது துவர்ப்பு மட்டுப்படுவதை இந்தக் கோணத்தில் புரிந்துகொள்ளலாம். எண்ணெயும் நாக்கில் படர்ந்து அதற்கு உதவுகிறது. இன்னும் மென்மை வேண்டுபவர்கள் பருப்பின் மேல் வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்து வடிகட்டலாம். நீரோடு டானினில் ஒரு பகுதி போய்விடும். ஆனால் முழுவதும் போக்கிவிடக் கூடாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களில் பெரும்பகுதி அந்தத் தோலில்தான் இருக்கிறது.

டானினுக்கு இரும்போடும் உறவு உண்டு. இரண்டும் சேர்ந்தால் கருநீலம். பழங்கால எழுதும் மை செய்யப்பட்டது இந்த வினையில்தான். இரும்பு வாணலியிலோ துருப்பிடித்த கத்தியிலோ அக்ரூட் விழுது வெகுநேரம் கிடந்தால் நிறம் மங்கிச் சாம்பலாகும். கல், மரம், கண்ணாடி, எவர்சில்வர் போதும்.

இனி தழைகள். கொத்தமல்லி, சதகுப்பைத் தழை, பார்ஸ்லி, டாரகன், ஊதாநிறத் திருநீற்றுப்பச்சிலை. ஜார்ஜிய மேசையில் இவை உணவின் மேல் தூவும் அலங்காரமல்ல. பிடி பிடியாகத் தட்டில் வைத்துக் கீரைபோலவே உண்கிறார்கள். டாரகனில் எஸ்ட்ராகோல் என்ற எண்ணெய் சோம்பின் சாயலோடு மணக்கிறது. சதகுப்பையில் கார்வோனும் ஃபெலாண்ட்ரீனும். இவையெல்லாம் கொழுப்பில் கரையக்கூடிய பொருள்கள். அக்ரூட்டின் எண்ணெயும் மஞ்சள் கருவும் அவற்றைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல மூக்குக்கு விடுகின்றன. கொழுப்பில்லாத சாலட்டில் தழையின் மணம் சட்டென்று வந்து சட்டென்று போய்விடும்.

கொத்தமல்லியின் கதை தனி. தழையின் மணத்துக்குக் காரணம் ஆல்டிஹைடு எனப்படும் சேர்மங்கள். சோப்பிலும் சில பூச்சிகளின் வாடையிலும் அவற்றின் உறவினர்கள் இருப்பதால், ஒரு சிலருக்கு மல்லித்தழை சோப்பை மென்றதுபோலிருக்கிறது. 2012-ல் பல்லாயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு, ஓஆர்6ஏ2 என்ற மோப்ப ஏற்பியின் மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு மாறுபாட்டுக்கும் இந்த வெறுப்புக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. தழையை நன்றாக நசுக்கும்போது அதன் சொந்த நொதிகளே ஆல்டிஹைடுகளை மணம் குறைந்த பொருள்களாக மாற்றிவிடுகின்றன. ஜார்ஜிய முறையில் மல்லியில் ஒரு பங்கை அக்ரூட்டோடு சேர்த்து இடிப்பதும், மற்றொரு பங்கை நறுக்கிக் கடைசியில் தூவுவதும் ஒரே தழையிலிருந்து இரண்டு ருசியை எடுக்கும் வழி. கடைசியில் தூவுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: புளிப்பில் ஊறும் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்று போய்விடுகிறது. அப்புறம் பளிச்சென்ற பச்சை, பாசிபிடித்த பழுப்பாகிறது. பரிமாறுவதற்குச் சற்று முன் சேர்த்தால் இந்தச் சங்கடம் இல்லை.

மசாலாவில் இரண்டு பொருள்களைச் சொல்லாமல் போக முடியாது. ஒன்று நீலப்பூ வெந்தயம். நம் வெந்தயத்தின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடி. கசப்புக் குறைவு, மணம் மெல்லியது. காய்ந்த காய்களோடும் விதையோடும் சேர்த்துப் பொடிக்கிறார்கள். மலைப்பகுதியான ஸ்வானெத்தியில் உப்பு, பூண்டு, மல்லிவிதை முதலியவற்றோடு இதைச் சேர்த்து இடித்த மசாலா உப்பு நாடெங்கும் புகழ்பெற்றது.

மற்றொன்று, தமிழர்கள் மாலை கட்டும் செண்டுமல்லியின் நெருங்கிய உறவு. இமெரெத்தி வட்டாரத்தின் பெயரால் 'இமெரெத்திக் குங்குமப்பூ' என்று அழைக்கப்பட்டாலும், உண்மையில் அது உலர்த்திப் பொடித்த செண்டுமல்லி வகையொன்றின் இதழ். செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இதழின் நிறத்துக்குக் காரணமான லூட்டீன் கொழுப்பில் கரையும் நிறமி. அக்ரூட் எண்ணெயோடு பிசைந்ததும் விழுது பொன்னிறமாகிறது, டானினின் சாம்பல் சாயல் மறைகிறது. மஞ்சள் கருவின் நிறமும் பெரும்பாலும் இதே லூட்டீனாலும் அதன் உறவினரான ஸியாசாந்தினாலும் வருவதுதான். கோழி தன் உடம்பில் அதை உண்டாக்கிக்கொள்ள முடியாது. தீவனத்திலிருந்து எடுத்து முட்டையில் சேர்க்கிறது. உலகெங்கும் கோழிப்பண்ணைகளில் மஞ்சள் கருவுக்கு நிறமேற்றச் செண்டுமல்லிச் சாறு தீவனத்தில் கலக்கப்படுகிறது. அந்தச் சாற்றுக்கான பூக்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கூட வயல் வயலாக விளைகின்றன. ஜார்ஜிய சாலட்டில் ஒரே நிறமி முட்டை வழியாக ஒருமுறையும் இதழ் வழியாக ஒருமுறையும் வந்து சேர்கிறது.

லூட்டீனும் ஸியாசாந்தினும் நம் விழித்திரையின் மையத்தில், மாக்குலா என்ற மஞ்சள் புள்ளியில் சேர்பவை. உடம்பு இவற்றை உறிஞ்சிக்கொள்ளக் கொழுப்புத் துணை வேண்டும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 16 இளைஞர்களுக்குப் பச்சைக் காய்கறி சாலட்டை ஒருமுறை முட்டையில்லாமலும், ஒருமுறை மூன்று முட்டைகளோடும் கொடுத்தார்கள். முட்டையோடு உண்டபோது கரோட்டினாய்டு நிறமிகள் இரத்தத்தில் சேர்ந்தது பல மடங்கு அதிகம். தழையையும் முட்டையையும் ஒரே தட்டில் சேர்த்தவர்களுக்கு இந்த ஆய்வு தெரியாது; பலன் மட்டும் கிடைத்தது.

அக்ரூட்டின் உடல்நலப் புகழ் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. அதில் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? நூறு கிராம் அக்ரூட்டில் ஏறத்தாழ 9 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. தாவரங்களில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பு இது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ப்ரெடிமெட் என்ற பெரிய ஆய்வில், மத்தியதரைக்கடல் உணவோடு நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைப் பருப்புகள் உண்ட குழுவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக நேர்ந்தன. அந்த 30 கிராமில் பாதி அக்ரூட். 2013-ல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்களைக் குழுக்களாகப் பிரித்த முறையில் குறை கண்டறியப்பட்டதால், 2018-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடு மீண்டும் வெளியானது. முடிவின் திசை மாறவில்லை. அக்ரூட் மருந்தல்ல, வெண்ணெய்க்கும் மயோனைஸுக்கும் பதிலாக வரும்போது நல்ல உணவு. இதற்கு மேல் அதன் தலையில் சுமத்த வேண்டியதில்லை.

இத்தனை நன்மைக்குக் காரணமான அதே கொழுப்புதான் அதன் பலவீனமும். லினோலெனிக் அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட இடங்கள் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாகின்றன. ஒளி, வெப்பம், காற்று மூன்றும் சேர்ந்தால் பருப்பு சிக்குவாடை அடிக்கிறது. ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஓலியிக் அமிலத்துக்கு ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. அது இவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. கடையில் மாதக்கணக்கில் வெளிச்சத்தில் கிடந்த உடைந்த பருப்பை வாங்கி, "அக்ரூட் என்றாலே கசப்பு" என்று முடிவுகட்டியவர்கள் பலர். அவர்கள் ருசித்தது பழுதான எண்ணெயை. நல்ல அக்ரூட்டின் சதை வெண்மையாகவும் தோல் வைக்கோல் நிறத்திலும் இருக்கும்; முதல் கடியில் இனிப்புத் தெரியும்.

நான்கு பேருக்குச் செய்ய நான்கு முட்டையும் 60 கிராம் அக்ரூட்டும் போதும். இரண்டு பல் பூண்டைக் கல்லுப்போடு நசுக்கி, கால் தேக்கரண்டி மல்லிவிதைப் பொடி, அதே அளவு செண்டுமல்லிப் பொடி அல்லது நீலப்பூ வெந்தயம், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள், ஒரு பிடி மல்லித்தழை சேர்த்து அக்ரூட்டோடு இடிக்க வேண்டும். செண்டுமல்லி வேண்டுபவர்கள் பூக்கடைப் பூவை எடுத்துவிடக் கூடாது, பூச்சிமருந்து பட்டிருக்கும். உண்பதற்கென்று வளர்த்ததே வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம். நீலப்பூ வெந்தயம் கிடைக்காத இடத்தில், வாசனை வரும் அளவுக்கு லேசாக வறுத்த வெந்தயத்தின் பொடியை ஒரு சிட்டிகைக்கு மேல் போகாமல் சேர்த்தால் அருகில் வரும். இரண்டு மஞ்சள் கருவை விழுதில் மசித்து, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் தெளித்துக் குழைத்து, பின் ஒரு மேசைக்கரண்டி வினிகர். மீதி முட்டையைப் பெரிதாக நறுக்கிப் புரட்டி, தழையைத் தூவினால் முடிந்தது. ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ 170 கலோரி, எட்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம், ஒன்றேகால் கிராமுக்குக் குறையாத தாவர ஒமேகா-3 கிடைக்கும். ரொட்டியோடு உண்பது அவர்கள் வழக்கம், சப்பாத்திக்கும் பொருந்தும்.

விருந்தாளிக்குப் பரிமாறும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். முட்டை, அக்ரூட் இரண்டுமே ஒவ்வாமையை உண்டாக்குவதில் முன்னிற்பவை. அக்ரூட்டில் உள்ள ஒவ்வாமைப் புரதங்களில் சில சூட்டுக்கும் அசையாதவை; வறுத்தாலும் வேகவைத்தாலும் அபாயம் நீங்காது. குழந்தைகளுக்கு முதன்முறை கொடுப்பவர்கள் மிகச் சிறிதளவில் தொடங்கிக் கவனிக்க வேண்டும்.

சென்னை வெயிலில் உரித்த முட்டையும் அரைத்த பருப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் மூடி வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். அக்ரூட்டை ஓட்டோடு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழுப் பருப்பாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். அரைக்கும் முன் ஒன்றை மென்று பாருங்கள். சிக்குவாடை அடித்தால் அந்தப் பையை அப்படியே குப்பையில் போடுங்கள். பூண்டோ வினிகரோ மசாலாவோ அதை மறைக்காது.